ஊருக்கொரு ஆலோசகர்

பிராண்டே,
9.11.2025

அன்புள்ள தம்பி சபா,

இங்கே நான், அத்தான், மகள் சாரங்கி மூவரும் சுகம். நீ சுகமாய் இருக்கிறாய் என்று அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து வருகிற ஆட்கள் சொல்லித்தான் அறிகிறேன்.

எங்கள் டென்மார்க் தமிழ் ஒன்றியத்துக்குத் தலைவர் ஆனதும், நாங்கள் விட்டுவந்த ஊர்களுக்கு ஊருக்கொருவராய்ப் பதினான்கு ஆலோசகர்களை வைத்தாயாம். ஓர் ஊரை விட்டால் அந்த ஊர் முகத்தைத் திருப்பும் என்று பயந்திருப்பாய். கரவெட்டிக்கு மட்டும் இரண்டு பேராம், அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் கதைக்கிறதில்லை என்பதால். நல்ல ஆட்சியடா.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆலோசனை வராது, ஞாயிறு காலையில் உன்னோடு கதைக்க மட்டும் வரும். இப்போது உன் போனை ஆரோ எடுக்கினம். “தலைவர் கூட்டத்தில நிக்கிறார், விசயத்தைச் சொல்லுங்கோ” என்றார்கள். “நான் தோசை சுட்டுக்கொண்டு நிக்கிறன், அதுதான் விசயம்” என்றேன். குறித்துக்கொண்டார்களாம்.

அதுதான் கடிதம் எழுதுகிறேன். ஒருதரம் நீயே போனை எடு.

அன்பு அக்கா,
செல்வமலர்

அல்பர்ட்ஸ்லுண்ட்,
24.11.2025

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. அது தங்கள் பகுதியான ஜட்லாந்தின் விவகார ஆலோசகரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
வை. சபாரத்தினம்
தலைவர்

பிராண்டே,
2.12.2025

தலைவர் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வாசித்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

சாரங்கி ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள் அல்லவா, அவளைக் கேட்டேன். பெரிய நாட்டு ஜனாதிபதிகளுக்கும் ஆலோசகர்கள் நிறையவாம். ஆனால் ஆர் உள்ளே போகிறது, எந்தத் தாள் மேசைக்குப் போகிறது என்று பார்க்க வாசலில் ஒருவரை வைப்பார்களாம். அவர் ஜனாதிபதியிடமே “இது சரிவராது” என்று சொல்லக்கூடியவராய் இருக்கவேணுமாம். நீ பதினான்கு பேரை வைத்தும் அவர்கள் மறித்தது என்னை மட்டும்தான்.

அது கிடக்கட்டும். பொங்கல் விழா வருகிறது. ஆலோசனை எல்லாரும் சொல்லுவினம். அடுப்பு ஆர் கொண்டுவருகிறது?

செல்வமலர்
(உன் அக்கா, கோப்பில் தேடிப் பார்)

அல்பர்ட்ஸ்லுண்ட்,
20.1.2026

அன்பு அக்கா,

பொங்கல் கதை உங்களுக்கு வந்திருக்கும். கோல்டிங் மண்டபத்துக்குப் போனால் உள்ளே டெனிஷ்காரரின் கலியாணம். மண்டபத்தைப் பற்றிப் பதினான்கு பேரும் ஆலோசித்திருந்தார்கள். பதிவு செய்தது ஒருவருமில்லை. அடுத்த ஊர்க்காரர் செய்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். ஆனால் ஊருக்கொரு பானை மறக்காமல் வந்தது. அடுப்பு ஒன்றே ஒன்று.

கார் நிறுத்துமிடத்தில், பனிக்குள் பொங்கினோம். கலியாணப் பெண் வெளியே வந்து ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள். அன்றைக்கு எனக்கு ஆலோசனை சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்துதான் உங்கள் இரண்டு கடிதத்தையும் படித்தேன். அந்த “அன்புடையீர்” தாளுக்குப் பார்க்காமலே கையெழுத்து வைத்திருக்கிறேன். தலைவர் பதவியை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். இல்லை, ஆலோசகர்களுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பப்போகிறேன். கணக்குக்கு ஒருவர், மண்டபத்துக்கு ஒருவர், இளம் பிள்ளைகளுக்கு ஒருவர் போதும். வாசலுக்கு நீங்கள் வாங்கோ அக்கா.

சபா

பிராண்டே,
1.2.2026, ஞாயிறு

அன்புடையீர்,

தங்கள் கடிதம் எனது சமையலறை விவகார ஆலோசகரின், அதாவது அத்தானின், கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

பகிடி காணும். நான் வரவில்லையடா. அக்காவை வைத்தால் குடும்ப ஆட்சி என்பார்கள். மற்றது, உன்னை எனக்குப் பகிடி பண்ணத் தெரியும், மறிக்கத் தெரியாது. வாசலுக்குத் துஷாராவைக் கேள். தேர்தலில் உனக்கு எதிராய்க் கை தூக்கிவிட்டு, கூட்டம் முடிந்ததும் நின்று எல்லாரும் இருந்த கதிரைகளை அடுக்கிப்போட்டுப் போன பிள்ளை. அப்படி ஒருத்தி கிடைப்பது அருமை. பதவியை விடுகிற கதையும் வேண்டாம். பனிக்குள்ளேயே பொங்கினவன் நீ.

ஒன்று மட்டும் சொல்லிவை, ஞாயிறு காலைக்கு அவளுக்கும் அதிகாரமில்லை.

பி.கு: உறையை ஒட்டப் போக நீயே எனக்குப் போன் எடுத்துவிட்டாய். “என்ன விசயம் தலைவர்?” என்று கேட்டேன். “விசயம் ஒண்டுமில்லை அக்கா, தோசை சுடுறியளோ?” என்றாய். இனி இந்தக் கடிதம் தேவையில்லை. எழுதினது வீணாகக் கூடாது என்று அனுப்புகிறேன்.

தோசை சுட்டாச்சு. குறித்துக்கொள்.

அக்கா