நீ கேட்ட ஓர் ஓட்டை

சட்டையில் இன்னும் சிமென்ட் தூசி வாடை அடிக்கிறது. இன்று காலை கோயில் கூடத்தில் உன் பெயர் பொறித்த பளிங்குக் கல்லை மாட்ட வந்தார்கள். நாலு மூலைக்கு நாலு ஓட்டை. டிரில் மெஷின் சுவரில் இறங்க இறங்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதே சுவர்தான். அந்தப் பக்கம் அலுவலக அறையில் இன்டர்நெட் இணைப்பு. இந்தப் பக்கம், பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்க நீ ஆவடி முழுக்க அலைந்து சேர்த்த ஐந்து பழைய கம்ப்யூட்டர்கள். கேபிள் நுழைய ஒரே ஓர் ஓட்டை கேட்டாய். “புதுசா பெயின்ட் அட்ச்ச செவுரு. ஓட்ட போட்டா யாரு பதில் சொல்றது?” என்றார் கமிட்டிச் செயலாளர். நீ சிரித்துவிட்டு வந்து, ஐந்து வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகினாய்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. கம்ப்யூட்டர்களில் ஓடியது லினக்ஸ். அதில் அடாப்டரை இயங்கவைக்கும் டிரைவர் மென்பொருளை அந்தக் கம்பெனி தரவில்லை. யாரோ எழுதி இணையத்தில் போட்டிருந்ததை இறக்கி நீயே ஏற்றினாய். சிஸ்டம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் போதெல்லாம் அது படுத்துவிடும். மறுபடி இறக்க நெட் வேண்டும். நெட் வர அந்த டிரைவரே வேண்டும். ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து சாப்பிடாமல்கூட வந்து, உன் ஃபோனை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மாட்டி, அதன் நெட்டில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். செயலாளரிடம் சண்டைக்குப் போன என்னை, “உடு மச்சான், ஒரு மணி நேர வேலதான” என்று கையைப் பிடித்து இழுத்தாய். உன் பொறுமைமேல் எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம்.

போன மாதம் நீ போய்ச்சேர்ந்தாய். அடுத்த வாரமே ஐந்தும் படுத்துவிட்டன. என்னால் முடிந்தவரை முட்டிப் பார்த்தேன், திரையில் சிவப்புச் சிவப்பாகப் பிழைச் செய்திகள்தான் வந்தன. வெள்ளானூரிலிருந்து பஸ் ஏறி வந்த பெண்கள் வகுப்பு இல்லாமல் திரும்பிப் போனார்கள். இன்று கல்லைத் துடைத்துக்கொண்டே செயலாளர் சொன்னார்: “இனிமே அதெல்லாம் யாரு பாக்கறது? காயலான் கடைல போட்டுர்லாம்.”

நான் டிரில் பிடித்திருந்தவரிடம் போனேன். “அண்ணாத்தே, கேபிள் போற மாதிரி கீழ இன்னொண்ணு போடு.”

“யாரக் கேட்டு?” என்றார் செயலாளர்.

“அந்தக் கல்லுல பேரு கீதே, அவனக் கேட்டு.”

டிரில் மறுபடி சுவரில் இறங்கியது. நீ அன்றே வாங்கி வைத்திருந்த கேபிளை இழுத்து, ஐந்துக்கும் பிரித்துத் தரும் ஸ்விட்ச் பெட்டியில் மாட்டினேன். ஐந்திலும் நெட் வந்துவிட்டது. நாளை வரச் சொல்லி அந்தப் பெண்களுக்கு ஃபோன் செய்துவிட்டேன்.

அடாப்டர் ஐந்தையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கோபம் மட்டும் இறங்கவே இல்லை. என் கையைப் பிடித்து இழுக்க இனி நீ வரமாட்டாய்.