எட்டாவது இன்னிங்ஸும் பாதிக் கொய்யாவும்

சான் பிளாஸ் மில் குடியிருப்பு,
பிப்ரவரி 19, புதன்கிழமை.

அன்பு ஞானமகள் நூரிஸுக்கு,

உன் ஞானத்தகப்பன் லிபோரியோ எழுதுவது. உன்னிடம் நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாயா என்று கேட்டே ஆரம்பிக்கிறேன். இங்கே உன் அத்தை கசில்டா இரண்டு நாளாகச் சாப்பிடுகிறாள். என் முழங்கால் பழையபடிதான். கரும்பு வெட்டு பாதி முடிந்திருக்கிறது, மில் சங்கு நேரத்துக்கு ஊதுகிறது. உன் அப்பா போனதற்காக அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம். பக்கத்து வீட்டு மினேர்வா நாளைக்கு விமானம் ஏறுகிறாள். இந்தக் கடிதத்தையும் கசில்டா கிண்டிய கொய்யா அல்வா ஒரு டப்பாவையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இருபது வருடம் பேஸ்பாலில் கேட்சராகப் பந்து பிடித்த கை இது, ஐந்து விரலும் ஐந்து பக்கம் பார்க்கும்.

அப்பா இறந்த அன்று காலையில் போனில் நீ சொன்னதைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "தினமும் ஊரான் வீட்டுக் கிழவங்களுக்குக் கஞ்சி ஊட்டுறேன். எங்கப்பாவுக்கு ஒரு வாய் ஊட்ட விடலையே நீங்க" என்றாய். அழுதாய். பிறகு, "நான் வந்தா ராசி கெட்டுடும்னுதானே அவரு நோயச் சொல்லாம இருந்தீங்க?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். பேச்சு வந்த வயதிலிருந்து என்னிடம் ஆசீர்வாதம் கேட்காமல் நீ பேச்சை முடித்ததில்லை. அன்று கேட்கவில்லை.

உன் கேள்விக்குப் பதில், இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் வெறும் 'இல்லை'யை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய். அதனால்தான் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை தருவது ஒன்றுமே கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் நாள் செபம். மூன்று மணிக்கே முற்றம் நிறைந்துவிட்டது. பழைய மில் அணித் தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். செபமாலை முடிந்து இஞ்சித் தேநீர் கொடுத்ததும், வழக்கம்போல ஒவ்வொருவராக அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எதிர் மில்லில் ஆடிய ஒரு கிழவர் தன் விலா எலும்பைத் தடவிக் காட்டினார். உன் அப்பா ஃபெர்மின் வீசிய பந்து பட்டு உடைந்ததாம். "நொட்டாங்கைக்காரன் ஒரு வாரம் தெனம் கோழி சூப்பு எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்தான். எலும்பு கூடினப்புறம்கூட வலிக்குதுன்னு பொய் சொன்னேன், அவ்வளவு நல்ல சூப்பு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தன் தம்பிக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுக்க உன் அப்பா மறுத்துவிட்டதாக ஒருத்தி சொன்னாள். "உன் தம்பி நல்லாப் படிக்கிறான், கெடுக்காதே" என்றானாம். அந்தத் தம்பி இப்போது பல் டாக்டர், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பியோ எழுந்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் பார்வையாளர் மேடையில் உட்கார்ந்து தகர டப்பா தட்டுவானே, அதே பியோ. செபத்துக்கும் டப்பாவோடு வந்திருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை எடுத்தான். நீ ஆயிரம் முறை கேட்ட கதை. எட்டு இன்னிங்ஸ் முடியப் போகிறது, எதிரணியில் ஒருவன்கூட ஃபெர்மின் பந்தை அடித்து ஓடவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் அப்படியே முடிந்தால் அது ஆயுளில் ஒருமுறை வாய்க்கும் சாதனை. மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் பந்து வீசும் பிட்ச்சரிடம் யாரும் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது, நடப்பது இன்னதென்று வாயால் சொல்லவே கூடாது, ராசி கெட்டுவிடும். எங்களுக்கு அது ஐந்து வயதிலிருந்தே ஊறிப்போனது. உனக்கு அப்போது ஏழு வயது, உனக்கு யாரும் சொல்லவில்லை. "எல்லாம் நல்லாத்தான் போச்சு. அந்தக் குட்டிப் பிசாசு கம்பிக்குக் கீழ நொழைஞ்சு ஓடிவந்து அப்பன் பக்கத்துல உக்காந்து, 'பப்பி, இன்னும் யாருமே அடிக்கல'ன்னுச்சு பாரு, முடிஞ்சுது கதை" என்று பியோ டப்பாவை ஒரு தட்டுத் தட்டினான். கூட்டம் சிரித்தது. கசில்டா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பில்தான் நீ வளர்ந்தாய். கடைக்குப் போனால் "இதோ எட்டாவது இன்னிங்ஸ் வருது" என்பார்கள். அணி தோற்ற நாளில் உன் கையால் ரொட்டி வாங்கமாட்டார்கள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் பத்தொன்பது வயதில் நீ விமானம் ஏறியபோது, இந்தப் பேச்சு கேட்காத ஊர் என்பதற்காகவும்தான் போனாய் என்று எனக்குத் தெரியும்.

நான் எழுந்து நின்றேன். அங்கே சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

உன் அப்பாவின் வேகப்பந்தை எட்டு இன்னிங்ஸ் பிடித்ததில் என் இடது உள்ளங்கை வீங்கிக் கிடந்தது. கையுறைக்குள் ஒரு காலுறையை மடித்து வைத்திருந்தேன், அதற்கும் அடங்கவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ஆள் மிச்சம். அவனை வீழ்த்த ஒரு பந்து போதும். அவனுக்கு வேகப்பந்து அறவே ஆகாது. மைதானத்தில் கடலை விற்பவனுக்குக்கூட அது தெரியும். எந்தப் பந்தை வீசுவது என்று பிட்ச்சருக்குச் சைகை காட்டுவது கேட்சர்தான்: ஒரு விரல் காட்டினால் வேகம், இரண்டு விரல் என்றால் மெதுவாக வரும் வளைபந்து. நான் இரண்டு விரல் காட்டினேன். ஃபெர்மின் வேண்டாமென்று தலையை ஆட்டினான். மறுபடி இரண்டு காட்டினேன், மறுபடி ஆட்டினான். மூன்றாவது முறையும் இரண்டையே காட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், என் கையுறையைப் பார்த்தான். அதை நான் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று பார்த்தான். புரிந்துவிட்டது. சரி என்று தலையசைத்து வளைபந்தே வீசினான். அது நன்றாக வளையவில்லை, அடிபட்டுக் கரும்பங்காட்டு ஓரம் வரை போனது.

அவ்வளவுதான் அம்மா. இன்னும் ஒரே ஒரு பந்தின் வலியை என்னால் தாங்க முடியவில்லை. ஆட்டத்தை ஜெயித்தோம், ஆனால் ஊர் காத்திருந்தது வேறொன்றுக்காக. யாரோ "அந்தப் பொண்ணு போய் உக்காந்துச்சே" என்றார்கள். நான் பனிக்கட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அன்று மட்டுமா, முப்பத்துநாலு வருடம் பேசாமல் இருந்தேன்.

உன் அப்பா "என் பந்து, என் தப்பு" என்று எல்லோரிடமும் சொன்னான். யாரும் கேட்கவில்லை, குழந்தைக் கதைதான் அவர்களுக்கு ருசித்தது. என் பெயரை அவன் கடைசிவரை சொல்லவில்லை. கேட்சரைக் காட்டிக்கொடுக்காதவன் என்று அவனைப் புகழலாம். ஆனால் அதனால் பழி உன் தலையில் நின்றது. அது அவனுக்கு உறைத்ததா, இல்லை காலப்போக்கில் போய்விடும் என்று விட்டுவிட்டானா, நான் கேட்டதில்லை. இறந்துவிட்டான் என்பதற்காக அவனை நல்லவனாக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. உனக்குக் கோபம் இருந்தால் அவன் மீதும் கொஞ்சம் வைத்துக்கொள், அவன் தாங்குவான்.

நான் சொல்லி முடித்தேன். பியோதான் முதலில் பேசினான். "அப்ப நான் முப்பத்துநாலு வருஷமா ஒரு கொழந்தைய வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேனா?" என்றான். பிறகு, "இன்னொரு காலுறைய மடிச்சு வெக்கறதுக்கு ஒனக்கு என்னடா கேடு?" என்று கத்தினான். டப்பாவைத் தூக்கி என் மேல் எறிய வந்தவனைப் பல் டாக்டர் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு யாரும் தேநீர் கொடுக்கவில்லை. இப்போது தெருவில் போனால் பையன்கள் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். 'ரெண்டு விரல்' என்பது என் பெயராகிவிட்டது. உன் பட்டப்பெயரை இனி யாரும் சொல்லமாட்டார்கள், பியோ அதற்குக் காவல் இருக்கிறான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அக்டோபரில் தலைநகரத்து டாக்டர் நோயைச் சொல்லும் காகிதத்தை உன் அப்பா கையில் கொடுத்தபோது நானும் கசில்டாவும் கூட இருந்தோம். திரும்பி வரும் வழியில், "சின்னதுகிட்ட சொல்லாதீங்க, வேலைய விட்டுட்டு ஓடிவரும்" என்றான். நாங்கள் சரி என்றோம். மறுநாள் முதல் பழைய அணிக்காரர்கள் அத்தனை பேரும் மதியம் டோமினோ ஆட வந்தோம். அவன் உடம்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யார் முடிவு செய்தது என்று தெரியாது, அவன் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அவன் எடை இறங்கிக்கொண்டே வந்தது, நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம். பேர் சொல்லாமல் இருந்தால் ஆட்டம் நீளும் என்ற அதே பைத்தியக்காரத்தனம்தான். வேறு ஊரில் இப்படி ஒரு கூத்து நடக்குமா என்று தெரியவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் மற்றவர்கள் போனபிறகு என்னைக் கூப்பிட்டான். "டேய் லிபோ, அன்னிக்கு மாதிரியே தள்ளித் தள்ளி உக்காந்திருக்கீங்கடா" என்றான். நான் டோமினோ காய்களை அடுக்கினேன். "அன்னிக்கு ஒம்போது இன்னிங்ஸும் பயந்து செத்தேன்டா. ஒருத்தனும் பக்கத்துல வரல, தண்ணிகூடத் தள்ளி வெச்சீங்க. எட்டாவதுல மட்டும் பயமே இல்ல. சின்னது வந்து ஒட்டி உக்காந்துச்சு. கையில கொய்யாப்பழம், கடிச்சுட்டு பாதிய எனக்குக் குடுத்துச்சு. யாருமே அடிக்கலன்னு அதுதான் வாயத் தொறந்து சொல்லிச்சு. நான் நெஜமாவே நல்லா வீசுறேன்னு அப்பதான்டா எனக்கே தெரிஞ்சுது" என்றான். சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான்.

உன்னைக் கூப்பிடு என்று அவன் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவன் காட்டும் சைகை எனக்குப் புரியாமல் போகுமா. ஆனால் நீ வந்து இறங்கினால் அவன் சாகிறான் என்பது நிஜமாகிவிடும். உன் முகத்தைப் பார்த்தால் நான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டுக்கும் பயந்தேன். "மழை வர்ற மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டு நாற்காலியை மடித்து வைத்தேன். மூன்று வாரத்தில் போய்விட்டான்.

ஆகவே நூரிஸ், நீ ராசி கெட்டவள் என்று உன்னைத் தள்ளி வைக்கவில்லை. உன் அப்பா கடைசியில் பக்கத்தில் உட்காரக் கேட்டது உன்னை மட்டும்தான். அதை உன்னிடம் சேர்க்காமல் வைத்துக்கொண்டது நான். இந்த முறை என் கையில் வீக்கம்கூட இல்லை.

மன்னிப்பாய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த பிப்ரவரியில் ஒரு வருடப் பூசை வைக்கிறோம். முடிந்தால் வா. அந்த நாற்காலியை மறுபடி விரித்து முற்றத்தில் போட்டிருக்கிறோம், கசில்டா அதில் பூனையைக்கூட உட்கார விடுவதில்லை. வந்து உட்கார்ந்து, வாய்க்கு வந்ததை எல்லாம் சத்தமாகப் பேசு. எங்களைத் திட்டினாலும் சரி, யாரும் தள்ளி உட்காரமாட்டோம்.

மினேர்வா வாசலில் வந்து நிற்கிறாள், முடிக்கிறேன். அல்வாவை வெளியிலேயே வை, அந்தக் குளிருக்குக் கெடாது. பிள்ளைகள் கேட்காமல் பெரியவர்கள் ஆசீர்வாதம் சொல்லுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. அன்று போனில் உனக்குச் சொல்லாமல் விட்டது என் தொண்டையிலேயே நிற்கிறது. கேட்காவிட்டாலும் வாங்கிக்கொள் மகளே. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். உன் அப்பா சார்பில் இன்னொரு முறை, கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். என்றைக்காவது போனை எடுத்து அதை நீயே என்னிடம் கேட்டால், அன்று பதில் சொல்ல நான் உயிரோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஞானத்தகப்பன்,
லிபோரியோ பெகேரோ
(ரெண்டு விரல்)