ஏற்றிய பிறகு மாற்றிய பாதை

மச்சான்,

இன்று காலை லாரி ஷெட்டில் தார்ப்பாயை உதறினார்கள். நனைந்தபடியே மடித்து வைத்திருந்த தார்ப்பாய். அந்தப் புழுங்கல் நாற்றம் தாங்காமல் வேலையைப் பாதியில் விட்டு வெளியே வந்து நின்றேன். சங்ககிரியில் எங்கே போய் நின்றாலும் லாரிதான் கண்ணில் படுகிறது.

அக்காவைக் கட்டிய வருஷமே நான் கிளார்க்காக இருந்த லாரி கம்பெனிக்கு டிரைவராக வந்தீர்கள். எந்த ஊருக்கு முதலில் போவது, எதை எங்கே அடுக்குவது என்று சீட்டு எழுதுவது என் வேலை. கடைசி ஊர்ச் சரக்கு கேபினை ஒட்டி, முதல் ஊர்ச் சரக்கு பின்கதவு அருகே. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "மாப்ளே பென்சிலு சீவுனா ரோடே சுருங்கிப் போகுதுங்க" என்று லோடுமேன்களிடம் என்னைக் கிண்டல் செய்வீர்கள். ஆனாலும் லோடைச் சுற்றி ஒரு நடை நடக்காமல் வண்டியை எடுத்ததில்லை.

அன்றைக்குத் திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம், கடைசியாக ஆட்டையாம்பட்டி. ஆட்டையாம்பட்டி இரும்புச் சாமான் அடியில் கிடந்தது. அதன் மேலும் பின்னாலும் நூல் மூட்டைகள். கயிறு கட்டி முடித்த பிறகு ஆட்டையாம்பட்டிக் கடைக்காரர் போனில் கத்தினார், மதியத்துக்குள் சாமான் வேண்டுமாம். சுற்றுப்பாதைதானே, எந்தப் பக்கம் சுற்றினால் என்ன என்று சீட்டைத் தலைகீழாக மாற்றி எழுதினேன். படுமுட்டாள் நான்.

"ஏனுங்க மாப்ளே, அடியில கெடக்கறதை உருவோணும்னா மேல இருக்கறது பூராத்தையும் எறக்கோணுமுங்க. மழை வேற. இங்கயே எறக்கி மறுக்கா அடுக்கி உடுங்க, போறேன்."

"நேரமில்லீங்க மச்சான். போற எடத்துல பாத்துக்கலாம்."

லோடைச் சுற்றி ஒரு நடை நடந்தீர்கள். "செரி, வாரேன்" என்று ஏறிவிட்டீர்கள்.

ஆட்டையாம்பட்டியில் கொட்டும் மழையில் இரும்பு இறங்கியது. அடியில் இருந்த கனம் போய்விட்டது. மழையில் ஊறிய மூட்டைகளை ஆட்கள் அவசரத்தில் ஒரு பக்கமாக உயர அடுக்கிவிட்டார்கள். ராசிபுரம் போகும் வழியில் ஒரு வளைவில் லாரி உங்கள் பக்கமே சாய்ந்தது. உங்களோடு வண்டியில் போய்ப் பிழைத்து வந்த லோடுமேன் என்னிடம் அழுதார். "மெதுவாத்தானுங்க ஓட்டுனாரு." கம்பெனியில் டிரைவரின் வேகம்தான் காரணம் என்று எழுதிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மாற்றி எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டேன். லோடுமேனையும் வாயை மூடச் சொன்னேன். வேலைக்குப் பயந்துதான், மச்சான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் உங்கள் திதிக்குப் போகும்போது அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுகிறேன். சொன்னதில்லை. இனிச் சொல்வேன் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. போன வாரமும் எனக்கு இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பதனமா ஓட்டியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரல்ல, சாமி?" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.