கரடிக்கு எந்தத் துப்பாக்கி

மே 9
கருங்கரடி இரண்டாவது முறையாக வந்துபோயிருக்கிறது. நான்கு தேனீப் பெட்டிகளைப் பிளந்து, அடைகளை மென்று துப்பியிருக்கிறது. அங்கிருந்து எங்கள் சமையலறைக் கதவு எண்பது அடிதான். என் வீட்டுக்காரன் டெல் உடைந்த பெட்டிகளைப் பொறுக்கி அடுக்கினான். பிறகு, "துப்பாக்கி வாங்கிடணும், மேவிஸ்" என்றான்.

மே 11
பக்கத்துப் பண்ணை ஒஸ்டாப் இரண்டு பழைய ராணுவத் துப்பாக்கிகளை விற்கிறார். ஒன்று பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு, மற்றது ரஷ்ய மோசின். இரண்டிலும் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்தது ஏறும். மோசினைத் தூக்கியதுமே டெல் சொக்கிப்போய்விட்டான். நீளம், கனம், பார்த்தாலே பயம்.

நானும் சுட்டுப் பார்த்தேன். லீ-என்ஃபீல்டின் போல்ட் வழுக்கிக்கொண்டு போகிறது. மோசினில் மூன்றாவது குண்டோடு போல்ட் இறுகிவிட்டது; உள்ளங்கையால் குத்தித் திறந்தேன்.

"உள்ள பழைய கிரீஸ் இறுகிக் கெடக்கும்மா. நல்லா சுத்தம் பண்ணாம சுடக்கூடாது" என்றார் ஒஸ்டாப்.

"டெல், இது வேண்டாம். அதை எடு."

"நீயா சுடப்போறே? நான்தானே!"

அவர் எதிரிலேயே சொன்னான். மோசின் வீட்டுக்கு வந்துவிட்டது.

மே 14
"சுத்தம் பண்ணியாச்சா?" "ஆச்சு, விடேன்." ஆகவில்லை. வாங்கிய தூரிகை உறை பிரிக்காமல் கிடக்கிறது. இன்னொரு தடவை கேட்டால் சண்டை வரும். கேட்கவில்லை.

மே 17
இன்று தூக்கம் வராது. எழுதிவிடுகிறேன்.

மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு வெடி. இரண்டாவதுக்குக் காத்திருந்தேன் — வரவில்லை. வெளியே ஓடினால், பெட்டிகளுக்கு நடுவில் டெல் போல்டை அடி அடியென்று அடிக்கிறான். முன்னால் கரடி, வயிற்றில் ரத்தம்.

"தொறக்க மாட்டேங்குதுடீ! உள்ள போ! உள்ள போயிடு!"

போவேனா? வண்டியில்தான் சாவி இருந்தது. ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வேலியை உடைத்துக்கொண்டு போனேன். அதற்குள் கரடி டெல்லை ஒரு அறை அறைந்துவிட்டது. கரடி காட்டுக்குள் ஓடியது. டெல்லின் இடது முன்கை தொங்கிக்கொண்டிருந்தது. தேனீக்கள் இருவரையும் மொய்த்தன. கொட்டியது எனக்குத் தெரியவே இல்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் "பேசிக்கிட்டே இரு, பேசிக்கிட்டே இரு" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன்.

மே 18
கை பிழைக்கும் என்கிறார் டாக்டர்.

வனத்துறையினர் இன்று பிற்பகல்தான் கரடியைக் கண்டுபிடித்தார்களாம். ஓடைக்கரையில், உயிரோடு. அவர்கள்தான் முடித்தார்கள். "ஒரு நாள் முழுக்கத் துடிச்சிருக்கு" என்றார் அவர்களில் ஒரு பெண் அதிகாரி. டெல்லிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஜூன் 3
மோசினைக் கொடுத்து மாற்றிக்கொள்ள ஒஸ்டாப்பிடம் போனோம். டெல் வண்டியை விட்டு இறங்கவில்லை. நான் லீ-என்ஃபீல்டில் அடுத்தடுத்துப் பத்துக் குண்டு சுட்டேன். அதில் ஏழு, குறிப்பலகையில் பட்டன.

"டெல்லை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" என்றார் ஒஸ்டாப்.

"வேண்டாம். இது எனக்கு."

திரும்பும் வழியில் டெல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அந்தக் கரடி... உடனே செத்துடுச்சா?"

"இல்ல, டெல். ஒரு நாள் ஆச்சு."



ஜூன் 4
எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. பெட்டிகளைச் சுற்றி மின்வேலி போட, ஒற்றைக் கையால் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறான். இன்னொரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு நானும் போகிறேன்.