கீச்சுக்குரலில் ஒரு மிரட்டல்

11-7-89, செவ்வாய்

மேலக்காற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்ததில் உள்ளே இருந்த டேப் ரிக்கார்டர் பட்டன் அமுங்கிவிட்டது. நேற்றைய கல்யாண வீட்டு நாயனம். பஸ் முழுக்கக் கெட்டிமேளம். கண்டக்டர்: “மாப்ளை அண்ணாச்சி, பொண்ணு எந்த ஸ்டாப்புல ஏறுதாவ?” இறங்கும் வரை ஜன்னல் பக்கமே முகம்.

மகள் கோதைக்கு வக்கீலாக முதல் சொந்த வழக்கு. செட்டியார்பட்டி மாரியம்மாளை வாடகை வீட்டிலிருந்து வீட்டுக்காரன் விரட்டப் பார்க்கிறான். ‘வீட்டோட கொளுத்திருவேன்’ என்று அவன் கத்தியது கேசட்டில். வேறு சாட்சி கிடையாது. போட்டுக் காட்டப் பெட்டி வேண்டும் என்றாள். மைக்செட்காரன் மகள் வேறு எங்கே போவாள்? எட்டாம் வகுப்பு அப்பனுக்கும் கோர்ட்டில் ஒரு வேலை.

போட்டேன். ‘கொளுத்திருவேன்’ என்றது ஒரு கீச்சுக்குரல். அணில் பேசின மாதிரி. கோர்ட்டே சிரித்தது. எதிர்த்தரப்பு வக்கீல்: “இதுவா என் கட்சிக்காரர் குரல்? பச்சப்புள்ள குரலால்லா இருக்கு!” மாரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கோதையையே பார்த்தாள்.

நீதிபதி தந்தது நாளை வரை டைம்.

12-7-89, புதன்

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோதை, கோர்ட்டுக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் சங்கரலிங்கத்தைக் கூட்டி வந்துவிட்டாள். என் வயசுதான்.

அவருக்கு: டிப்ளமா. இஸ்திரி சட்டை. ஸ்க்ரூடிரைவர் ஏழு, ஒவ்வொன்றுக்கும் தனி உறை.
எனக்கு: ஸ்க்ரூடிரைவர் ஒன்று. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுப்பதும் அதில்தான்.

பெட்டியின் முதுகைத் திறந்து மோட்டாரை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஆனி மாதம், ஒரே நாளில் மூன்று கல்யாண வீடு. நாயனம் சீக்கிரம் முடியட்டும் என்று வேகத் திருகைக் கூட்டி வைத்தது நான்தான். குறைக்க மறந்தாச்சு.

ச.லி. என்னை ஒரு பார்வை பார்த்தார். கோதையிடம், “பெல்ட்டுல கோளாறும்மா. எல்லாப் பெட்டிக்கும் வாரதுதான்” என்றார். தன் குரல் பதிந்த கேசட்டைப் போட்டு, கூடவே தானும் பேசி, இரண்டு குரலும் ஒத்துப்போகும் வரை நீதிபதி முன்னாலேயே வேகத்தைச் சரி செய்தார். கால் சுற்றுத் திருகல். அம்புட்டுதான்.

மறுபடி அந்தக் கேசட்டைப் போட்டார். வீட்டுக்காரன் குரல், அசல். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இடைக்காலத் தடை கிடைத்தது. மாரியம்மாள் கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சந்தோஷம்தான். ஆனால் கோதை ச.லி.யிடம், “நல்லவேளை நீங்க இருந்தீய, இல்லாட்டி நான் செத்தேன்” என்றாள். அரைக்கிலோ பால்கோவா வேறு வாங்கிக் கொடுத்தாள். எனக்கு, கடைக்காரர் ருசி பார்க்கத் தந்த ஒரு துளி.

காட்டிக்கொடுக்காத மனுஷன். அவரைப் பிடிக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. பிடிக்கவில்லை.

13-7-89, வியாழன்

கரண்ட் இல்லை. வேகத் திருகின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். என் சம்சாரம்: “மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பொறாமையா?”

“எனக்கா? சங்கரலிங்கத்து மேலயா?”

“நான் பேரே சொல்லலியே.”

15-7-89, சனி

சாரல். மைக் வயர் இரண்டு சுருள் காயவில்லை.

இறுதி விசாரணையில் கேசட்டை இன்னொரு தடவை போட வேண்டுமாம். கோதை சொன்னாள்: “அதுக்கும் சங்கரலிங்கம் மாமாவையே வரச் சொல்லிட்டேன்ப்பா. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?”

மூன்றே நாளில் மாமா.

“நல்லதாப் போச்சு தாயி” என்றேன்.

‘பையைத் தூக்கவாவது நான் கூட வாரேனே’ என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.