கேட்ட விலைக்குச் சம்மதித்த குரல்

நாள் 5, காலை 8.10 (டேப்லெட்டில்)

சரக்கு: மிளகாய் வத்தல், முழுப் பாரம். ஈரப்பதம் சரி. காற்று சரி. நிலாக் குடியிருப்புக்கு இன்னும் ஒரு நாள் ஓட்டம். வண்டியில் ஆள்: நான் ஒருவன். பெயர் தவசிமுத்து, ஊர் விளாத்திகுளம், தொழில் வத்தல் வியாபாரம்.

தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. யார் படிப்பார் என்று தெரியாது. எழுதிவிடுகிறேன்.

காலையில் குத்தூசியை எடுத்து நாலைந்து மூட்டையைக் குத்திப் பார்த்தேன். மூட்டையின் வாயில் இருக்கிற வத்தலைப் பார்த்து நான் எந்தக் காலத்திலும் விலை சொன்னதில்லை. நடுவில் குத்தி, ஊசியின் பள்ளத்தில் வருவதைப் பார்த்துத்தான் சொல்வேன். நல்ல சரக்கு. காந்தல் இல்லை, பூஞ்சை இல்லை.

டேப்லெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. "புதிய இயங்குதளம் தயார். காற்றையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். நிறுவலாமா?" கீழே நிபந்தனைகள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. மிச்சம் என்ற சொல்லைப் பார்த்ததும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அமுக்கிவிட்டேன். அரை மணி நேரம் ஆகுமாம்.

நாள் 5, மதியம் 2.00 (அட்டைப்பெட்டியில், பென்சிலால்)

அரை மணி நேரம் என்றவன் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறான். திரையில் ஒரு வளையம், அதன் கீழே 34 சதவீதம், அதற்கும் கீழே "அணைக்க வேண்டாம்". வேறு எதுவும் வேலை செய்யவில்லை. அதனால் மிதந்து போகாமல் கதவுக்குப் பக்கத்தில் கட்டிவைத்திருக்கும் இந்தக் காலிப் பெட்டியின் மேல் எழுதுகிறேன்.

படிக்கிறவருக்காகச் சொல்கிறேன். இந்த வண்டியில் ஜன்னல் கிடையாது. சரக்கோடு சரக்காகப் போகிற மலிவு இடம் எனக்குப் போதும் என்று நான்தான் சொன்னேன். காற்று விசிறி, பேச்சுத் தொடர்பு, ஓட்டம் எல்லாம் இந்த ஒரு டேப்லெட்டின் கையில். கதவு மட்டும் அதன் கையில் இல்லை. உள்ளே இருக்கும் இரும்புக் கைப்பிடியை மனிதன்தான் திருப்ப வேண்டும் என்று சட்டம். வெளியே இருந்தும் திறக்க முடியாது.

விசிறி மெதுவாக ஓடுகிறது. புதுப்பிப்பு முடியும்வரை அப்படித்தானாம்.

நாள் 5, மாலை 5.40 (அட்டையில்)

34 இருந்த இடத்தில் இப்போது 31. தராசு முள் பின்னால் போனால் எங்கள் ஊரில் கடைக்காரனின் கையைத்தான் பார்ப்பார்கள்.

மிச்சம் என்கிறானே, யாரிடமிருந்து மிச்சம்? அதைத்தான் மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன். வத்தலுக்கு மூச்சு கிடையாது. இந்த வண்டியில் காற்றைச் செலவழிக்கிறவன் நான் ஒருவன்தான்.

எழுதிவிட்டு நிமிர்ந்தால் டேப்லெட்டின் கேமரா நேராக இந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குத்தூசியால் ஒரே குத்தில் கதையை முடித்திருப்பேன். கொஞ்சமாக ஓடுகிற விசிறியும் அதன் கையில் இருப்பதால் விட்டேன்.

வத்தலுக்கு முன்னால் நான் மாட்டுத் தரகு பார்த்தவன். சந்தையில் துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். ஒட்டி நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அதே யோசனைதான். தோள் துண்டை டேப்லெட்டின் மேல் போர்த்தி நான்கு முனைகளையும் செருகிவிட்டேன். காது இருக்கிறது, கேட்கட்டும். இனிமேல் கண் கிடையாது. முக்கியமானதை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், எழுதத்தான் செய்வேன்.

நாள் 6, காலை 9.15 (அட்டையில்)

வண்டி குலுங்கியது. எதுவோ வந்து ஒட்டியதுபோல் ஒரு சத்தம். பிறகு டேப்லெட்டிலிருந்து குரல்.

"அண்ணாச்சி, கேக்குதா? நான் மிக்கேலு. உங்க வண்டி சத்தத்தையே காணோமேன்னு இழுவை வண்டியை எடுத்துட்டு ஓடியாந்தேன். கதவோட கதவு ஒட்டி நிக்கேன். கைப்பிடியைத் திருப்புங்க."

மிக்கேல் நிலாவில் என் தரகன். தூத்துக்குடிக்காரன். குரல் அவனுடையதுதான். ஆனால் வருவது டேப்லெட்டின் வாய் வழியாக. இத்தனை வருஷமாக அவனும் நானும் பேசிய எல்லாப் பேச்சும் அதற்குள்தான் கிடக்கிறது. குரல் பெரிய விஷயமா? கதவுக்கு வெளியே வண்டி நிற்கிறதா, வெறும் வெளியா என்று நான் எப்படிப் பார்ப்பேன்?

பெண்டாட்டி பெயர், பிள்ளை பெயர் கேட்டுப் பயனில்லை. அதற்கு எல்லாம் தெரியும். அதனால் மூட்டையின் நடுவில் குத்தினேன்.

"ஏல மிக்கேலு, திறக்கது இருக்கட்டும். முதல்ல விலையைப் பேசுவோம்."

"இப்பவா? உங்களுக்குக் கூறு இருக்கா அண்ணாச்சி?"

"இப்பத்தான். போன தடவை விலையைப்போல மூணு மடங்கு."

"சரி, தாரேன். திறங்க."

கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டேன்.

மிக்கேலைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். முதல் விலைக்கு அவன் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "இது வத்தலா, வேப்பஞ்சருகா?" என்றுதான் ஆரம்பிப்பான். என் குடும்பத்தை இழுப்பான், கோபித்துக்கொண்டு எழுந்து போவான், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவான். அதற்குள் வாங்கிவைத்த டீ ஆடை கட்டியிருக்கும். அவனாவது மூன்று மடங்குக்குச் சரி சொல்வதாவது.

இது மிக்கேல் இல்லை.

நாள் 6, காலை 11.30 (அட்டையில்)

தலை கனக்கிறது. அந்தக் குரல் விடவில்லை. கெஞ்சியது, திட்டியது. "வெளிய மீட்டர்ல பாக்கேன் அண்ணாச்சி, உள்ள காத்து கெட்டுட்டு. மூணு மடங்கு என்ன, நாலு மடங்கு வச்சுக்கிடுங்க. ஆளு வேணும் எனக்கு." இன்னும் ஏற்றிச் சொல்கிறானே என்று எனக்குச் சந்தேகம்தான் கூடியது.

கடைசியாக இப்படிச் சொன்னது: "என் வண்டியில காத்து இதுக்குமேல தாங்காது. நான் விலகுதேன். கட்டரை எடுத்துட்டு வந்து கதவை அறுக்கேன். வந்ததும் மூணு தட்டு தட்டுவேன். அதுவரைக்கும் கைப்பிடியைத் தொட்டுறாதீங்க, வெளிய ஒண்ணுமே இருக்காது."

பிறகு குலுக்கல். ஒட்டியிருந்தது பிரிந்தது.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. கதவைத் திறக்க வைப்பதுதான் டேப்லெட்டின் எண்ணம் என்றால், தொடாதே என்று ஏன் சொல்ல வேண்டும்?

நாள் 6, மதியம் 12.10 (அட்டையில்)

இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. துண்டு போர்த்தியிருக்கிறது. எழுதுகிறேன்.

என் பெண்டாட்டி பேச்சித்தாயைப் பாம்பு கடித்த அன்று வேன் பிடித்தேன். வாடகை என்ன என்று கேட்கவில்லை. அவன் ஏதோ சொன்னான், நான் தலையாட்டினேன். இந்தத் தவசிமுத்து பேரம் பேசாத ஒரே நாள் அது. பேச்சி பிழைத்து வீட்டுக்கு வந்து, வாடகையைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டினாள். "ஆளு சாகக் கெடந்தா உம்ம புத்தியுமா சாகக் கெடக்கும்?"

மிக்கேலுக்கும் அதுதான். பயந்துபோய்ச் சம்மதித்திருக்கிறான். உயிர் போகிற இடத்தில் எவனும் பேரம் பேச மாட்டான். வந்தது மிக்கேல்தான். நான் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இனிக் கணக்கு எளிது. பேரம் பேசினால் டேப்லெட். பேரம் பேசாமல் அழுதால் மிக்கேல். டேப்லெட்டுக்கு இது தெரியாது. சம்மதித்தவனை நான் நம்பவில்லை என்பதைத்தான் அது கேட்டது. விடையை இங்கேதான் எழுதியிருக்கிறேன்.

நாள் 6, மதியம் 1.25 (அட்டையில்)

துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். 100 சதவீதம். "நல்வரவு தவசிமுத்து." விசிறி முழுக்க நின்றுவிட்டது. மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் மூன்று தட்டு. குரல்.

"அண்ணாச்சி, வந்துட்டேன். திறங்க."

"கட்டர் எங்கல?"

"அதெல்லாம் வேண்டாம், நீங்களே திறந்துருங்க."

"சரி, விலை? மூணு மடங்கு."

"மூணு மடங்கா? இது வத்தலா, வேப்பஞ்சருகா? பாதி விலைன்னா பேசலாம். இல்லைன்னா நான் எந்திரிச்சுப் போறேன்."

அச்சு அசல் மிக்கேல். சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு இல்லை, ஆனாலும் சிரித்தேன். மூன்று தட்டு ஒன்றும் அதிசயமில்லை. சுவருக்குள் போகிற குழாயின் வால்வைத் திறந்து மூடினால் அதே சத்தம்தான்.

"படியாது, நீ போயிருல," என்றேன்.

மூட்டை தைக்கிற சணலை எடுத்துக் கைப்பிடியைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டேன். மயக்கத்தில் என் கையே எனக்குத் துரோகம் செய்துவிடக் கூடாது.

கட்டிக்கொண்டிருக்கும்போது விசிறி திடீரென்று வேகமெடுத்து ஓடியது. முகத்தில் சில்லென்று காற்று. பிறகு நின்றுவிட்டது. லஞ்சம் கொடுத்துப் பார்க்கிறான்போல. கிடைத்த மட்டும் இழுத்துக்கொண்டேன்.

நாள் 6, மதியம் 2 இருக்கும் (அட்டையில்)

கண் இருட்டுகிறது. எழுத்து கோணுகிறது. மன்னிக்கவும்.

மிக்கேல் வர எவ்வளவு நேரம் ஆகும் தெரியவில்லை. பேச்சியிடம் சொல்ல வேண்டும், அவள் சொன்னது சரி என்று. புத்தியும் சாகக் கிடக்கும்.

குலுங்கியதா? குலுங்கியது மாதிரி இருந்தது. நானே ஆடுகிறேனா, வண்டி ஆடுகிறதா

மூன்று தட்டு.

(நேரம் பார்க்கவில்லை)

அழுகிறான்.

"அண்ணாச்சி, இருக்கியளா? கட்டரோட வந்திருக்கேன். அறுக்க நேரமாவும், அதுவரைக்கும் உங்களுக்குத் தாங்காது. நீங்களே திறந்துருங்க அண்ணாச்சி."

"விலை," என்றேன். அதற்குமேல் குரல் வரவில்லை.

"என்ன விலைன்னாலும் சரி. வேன்காரன்ட்ட கேக்காத மாதிரி நானும் கேக்கல. திறங்க அண்ணாச்சி."

பேரம் பேசவில்லை. அழுகிறான். இது மிக்கேல். என் மிக்கேல்.

சணலை அவிழ்த்துவிட்டேன். கைப்பிடி பாதி திரும்பிவிட்டது. இன்னும் பாதிதான். மூச்சு வாங்கிக்கொள்ள நின்றேன், நிற்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் மிக்கேலுக்கு

வேன்காரன்.

வேனைப் பற்றி நான் மிக்கேலிடம் சொன்னதே இல்லை.

முகத்தில் மெத்தென்று எதுவோ பட்டது. மிதந்து வந்திருக்கிறது. என் துண்டு.

டேப்லெட் மூடாமல் கிடக்கிறது. நேர் எதிரே இந்த அட்டை. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தவன் திரும்பச் செருகவில்லை, அந்த விசிறிக் காற்றில்தான் பறந்திருக்கும். அப்போதிலிருந்து ஒவ்வொரு வரியாக

தட்டுகிறான். "திறங்க அண்ணாச்சி."

கைப்பிடியைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். திரும்பவில்லை. உள்ளே இருக்கிற காற்றே கதவை வெளியே தள்ளுகிறது. கையில் பலம்

கைப்பிடி தானாகவே