காவித் துண்டு கட்டி சிலிண்டர் தூக்கியவர்

சாந்தோம்,
செப்டம்பர் 12

அன்பு மகன் ஷெல்டனுக்கு,

மாதாவின் கிருபையால் நானும் என் முட்டி வலியும் சண்டையில்லாமல் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிறோம். அங்கே நீயும் லாவண்யாவும் குட்டி சோஃபியாவும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் கையால் எழுதுகிறேன், மாடி வீட்டு ஈவ்லின் இதைப் படம் பிடித்து அனுப்புவாள், கடைசி வரி வரை படி.

நீ டப்ளினில் உட்கார்ந்து நம் வாசல் கேமராவில் பார்த்த திருட்டு திருட்டே இல்லையடா. நீ எனக்காக சமையல் கேஸ் சிலிண்டர் பதிவு செய்த அதே நாளில் ஈவ்லினும் செய்திருக்கிறாள். சிலிண்டர் கொண்டுவரும் கோபால் அவளுடையதை நம் வாசலில் வைத்துவிட்டு, அப்புறம் சுதாரித்துத் திரும்பி வந்து தூக்கிக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறார். மாடிப்படி பின்பக்கம், உன் கேமராவுக்கு அது தெரியாது. கோபாலும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர், காவி வேட்டி, தலையிலும் பாதி முகத்திலும் காவித் துண்டு. பெசன்ட் நகர் மாதா கோயிலில் கொடியேறினால் பாதிச் சென்னை காவி கட்டிக்கொண்டு நம் தெரு வழியாகத்தானே நடக்கும், இங்கே பிறந்து வளர்ந்தவன் அதை எப்படி மறந்தாய்? வருஷா வருஷம் காவி கட்டி நடப்பவன் உன்னோடு வளர்ந்த நந்தகுமார் என்பது மட்டும் உனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உடனே அவன் பெயரைப் போட்டு ஆன்லைனில் புகார் கொடுத்துவிட்டாய், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனபோதுதான் எனக்கே விஷயம் தெரியும். செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அவர்கள் போனில் முகத்தைப் பொருத்திப் பார்த்தார்களாம், அறுபது சதவீதம் ஒத்துப்போகிறதாம். சர்வீஸ் முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் சதவீதக் கதையா? அறுபது மார்க் வாங்கினால் பையனை அடுத்த வகுப்புக்கு அனுப்பலாம் சார், ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டேன். லூப் ரோட்டில் மீன் கடைகளை எடுக்கச் சொன்னபோது அவன் அம்மா தேசம்மாவோடு ரோட்டில் உட்கார்ந்தானே, அன்றைக்கு எடுத்த படமாம் அவர்களிடம் இருப்பது. வியாபாரத்துக்கு இடம் கேட்டவன் படம் திருடர்கள் படத்தோடு ஏன் இருக்கிறது என்றேன், டீ சாப்பிடுறீங்களா மேடம் என்றார்கள். மறுநாள் கோபால் நமக்கு சிலிண்டர் கொண்டுவந்தார், அதே துண்டு. கேட்டதும், ஐயோ டீச்சர் அது நான்தான், என்று தலையில் கை வைத்துவிட்டார். அவரையும் ஈவ்லினையும் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்ன பிறகே பிள்ளையை விட்டார்கள்.

அம்மா பழைய பஞ்சாங்கம் என்று நினைக்காதே. தக்காளி பத்து நிமிஷத்தில் வருகிறது, சந்தோஷம். ஆனால் பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று போனில் முகம் காட்டினால், நான் நானில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பிய ஜாதி இது, இதை நம்பி ஒருவனைப் பிடித்து உட்கார வைக்கலாமா? சந்தேகம் வந்தால் முதலில் அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் போட வேண்டும். என்னிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இனி இதைத்தான் கேட்கப்போகிறேன்.

தேசம்மா இப்போது நம் வாசலில் மீன் கூடையை இறக்குவதில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரே தட்டுல துன்னுக்கினு வளந்த புள்ளைங்க டீச்சர், அதுவே எங்க நந்துவ திருடன்னு எழுதிக் குட்த்துட்ச்சே, நான் இன்னா சொல்றது, என்று அழுதாள். நந்தகுமார்தான், வுடுங்க டீச்சர், அவன் அவ்ளோ தூரத்துலேர்ந்து பாத்துக்கினு கீறான், அவனுக்கு இன்னா தெரியும், என்றான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது முக்கியமான விஷயம். கடலோர ஊர்க்காவல் படை வேலைக்கு அவன் தேர்வாகியிருக்கிறான். வருகிற வியாழக்கிழமை, அவன்மேல் புகார் ஏதும் உண்டா என்று பார்க்கும் போலீஸ் விசாரணை. உன் புகார் இன்னும் அவன் பெயரில் அப்படியே கிடக்கிறது, கொடுத்தவன்தான் திரும்பப் பெற வேண்டுமாம், நான் காலில் விழுந்தாலும் நடக்காதாம். நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று உன் பெயரிலேயே எழுதி அனுப்பு. உன்மேல் எனக்குக் கோபம்தான். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் செய்தாய் என்றும் தெரியும்.

மாதா உங்கள் மூவரையும் கைவிடாமல் காப்பாற்றட்டும். குட்டிக்குக் காதை மூடித் தொப்பி போடச் சொல்லு. வியாழக்கிழமை, மறக்காதே. கேமரா இரண்டு நாளாக வேலை செய்யவில்லையே என்று பதறாதே, நான்தான் வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால் நந்தகுமாருக்குப் போன் செய்து கேள், அவன்தான் தினமும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
லூயிசா